'டியர் கஸ்டமர்' மெயிலை ஏன் திறக்க மாட்டேங்கிறோம்? அஸ்தம்பட்டி நோட்டீஸ் சொல்லும் பதில்!

சாயங்கால நேரத்து அஸ்தம்பட்டி ரவுண்டானாவைக் கொஞ்சம் மனசுல கொண்டு வாங்க. ஏற்காடு மெயின் ரோட்டைப் பிடிக்கப் போற கார்கள், வேலை முடிஞ்சு வர்ற ஸ்கூட்டிகள், தட்டுவடை செட் கடை முன்னாடி நிக்கிற கூட்டம். இதுக்கு நடுவுல ஒருத்தர் கையில ஒரு கட்டு நோட்டீஸோட நிக்கிறார்னு வெச்சுக்குவோம். டியூஷன் சென்டர் நோட்டீஸ். அவர் எல்லாருக்கும் நீட்ட மாட்டார். ஸ்கூல் பேக் மாட்டின பையனைக் கூட்டிட்டு வர்ற அம்மாவைப் பார்த்தா, ரெண்டு அடி முன்னாடி போய்க் கொடுப்பார். காதுல இயர்போனோட விறுவிறுன்னு நடக்குற இளைஞரைக் கண்டுக்கவே மாட்டார். காரணம் ரொம்ப சிம்பிள். நோட்டீஸ் அடிக்கக் காசு செலவாகியிருக்கு. கையில இருக்கிறது ஆயிரம்தான். வீணாக்கினா ஓனர்கிட்ட திட்டு விழும்.

இப்போ போனை எடுத்து ஜிமெயிலைத் திறங்க. எப்பவோ ஒரு தடவை ஷூ வாங்கின வெப்சைட், மூணு வருஷத்துக்கு முன்னாடி ரீசார்ஜ் பண்ணின ஆப், நீங்க கேட்கவே கேட்காத பர்சனல் லோன், இன்னிக்கே கடைசி நாள்னு 15 நாளா சொல்லிக்கிட்டு இருக்கிற ஆன்லைன் கோர்ஸ்... எல்லாம் வரிசையா நிக்குது. மேலிருந்து கீழே ஒரே ஸ்வைப். ஒண்ணைக்கூடத் திறக்கலை. ரவுண்டானால நிக்கிற அந்த அண்ணனுக்கு இருக்கிற கணக்கு, இந்த மெயில்களை அனுப்புறவங்களுக்கு இல்லைங்கிறதுதான் விஷயம். பத்தாயிரம் பேருக்கு அனுப்புறதுக்கும் பதினோராயிரம் பேருக்கு அனுப்புறதுக்கும் செலவுல பெரிய வித்தியாசமே கிடையாது. அதனால யார் முகத்தையும் பார்க்காம எல்லார் கையிலும் திணிக்கிறாங்க.

அப்போ மெயில் விளம்பரமே வேஸ்ட்டா? அதான் இல்லை. சில மெயில்களை நாமளே தேடிப் போய்த் திறக்கிறோம். ஏன் சிலது மட்டும் வேலை செய்யுதுன்னு புரியணும்னா, இந்தக் கதையோட முதல் அத்தியாயத்துக்குப் போகணும்.

1978, மே 3. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான 'அர்பாநெட்' அமெரிக்காவில் இயங்கிக்கொண்டிருந்த காலம். டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலையில் இருந்த கேரி துர்க், அந்த நெட்வொர்க்கில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். 'எங்க புது கம்ப்யூட்டரை வந்து பாருங்க' என்று கலிஃபோர்னியாவில் நடக்கவிருந்த இரண்டு டெமோக்களுக்கான அழைப்பு அது. முகவரிகள் அதிகமாகி, 'பெறுநர்' பகுதியில் இடமில்லாமல் மெயிலின் உடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. பார்க்கவே கண்றாவியாக இருந்த மெயில். கோபமான கண்டனங்கள் வந்தன. நெட்வொர்க்கை நிர்வகித்தவர்கள், இது விதிமீறல் என்று எச்சரித்தார்கள். ஆனால், அந்த மெயிலால் 1 கோடி டாலருக்கு மேல் வியாபாரம் நடந்ததாக துர்க் பின்னாளில் சொன்னார்.

உலகத்தின் முதல் ஸ்பேம் மெயில் என்று இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் சுவாரஸ்யமாகத் தெரிவது வேறொன்று. திட்டு வாங்கின மெயில் எப்படி விற்பனையும் கொடுத்தது? அந்த 400 பேரும் கம்ப்யூட்டரோடவே வாழ்ந்தவர்கள். விற்ற பொருள், அவர்கள் பயன்படுத்திய அதே நெட்வொர்க்கோடு இணையக்கூடிய கம்ப்யூட்டர். அதாவது, ஸ்கூல் பையனோட அம்மாவுக்கே போய்ச் சேர்ந்த டியூஷன் நோட்டீஸ் அது. அனுப்பின விதம் தப்பு, ஆள் சரி. இன்னிக்கு வர்ற பெரும்பாலான மெயில்களில் விதமும் தப்பு, ஆளும் தப்பு!

முதல்ல பார்க்கிறது பேரைத்தான்

மார்க்கெட்டிங் வகுப்புகள்ல 'சப்ஜெக்ட் லைன்' பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க. தலைப்பு நச்சுனு இருக்கணும், எமோஜி வைக்கணும், கேள்வி கேட்கணும்னு. தப்பில்லை. ஆனா போன் ஸ்க்ரீன்ல மெயில் வரிசையைப் பாருங்க. பட்டையா, பெருசாத் தெரியுறது அனுப்பினவர் பேர். அதுக்குக் கீழேதான் சப்ஜெக்ட். அதுலயும் முதல் நாலஞ்சு வார்த்தைக்கு அப்புறம் மூணு புள்ளி வெச்சு வெட்டிடும். 'அன்பான வாடிக்கையாளரே, எங்கள் நிறுவனத்தின் 10-ம் ஆண்டு நிறைவு விழாவை முன்னிட்டு'ன்னு ஆரம்பிச்சா, தள்ளுபடி வர்றதுக்குள்ள ஸ்க்ரீன் முடிஞ்சிடும்.

பேரைப் பார்த்ததும் மனசுல ஒரு கணக்கு ஓடும். 'இவங்க போன தடவை அனுப்பினது உருப்படியா இருந்துச்சா?' பேங்க் ஸ்டேட்மென்ட், ட்ரெயின் டிக்கெட், கூரியர் எங்க வருதுங்கிற தகவல்... இதையெல்லாம் தலைப்பு எவ்வளவு போரா இருந்தாலும் திறக்கிறோம். ரயில் டிக்கெட் பிரின்ட்ல விளம்பரம் இருக்கிறதைக் கவனிச்சிருப்பீங்க. நாம எதைக் கட்டாயம் பார்ப்போமோ, அதோட முதுகுல ஏறி உட்கார்ந்துக்கிற டெக்னிக் அது. மறுபக்கம், பத்து தடவை 'இன்றே கடைசி' சொன்ன கடை, பதினோராவது தடவை நிஜமாவே கடைசி நாள் அறிவிச்சாலும் அந்தப் பேரைக் கண்ணு தாண்டிப் போயிடும். புலி வருது கதைதான்.

தலைப்பால் நடந்த ஒரு பெரிய வெற்றியையும் சொல்லணும். 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமா தரப்பு, நன்கொடை கேட்டு மெயில் அனுப்பியது. ஒவ்வொரு மெயிலையும் சில சமயம் 18 விதமாக எழுதி, முதலில் சின்னக் குழுவுக்கு அனுப்பிப் பார்த்து, ஜெயித்ததை மட்டும் லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்புவார்கள். 'பணத்தில் என்னை மிஞ்சிவிடுவார்கள்' என்ற பொருளில் அந்த ஜூன் மாதம் போன ஒரே ஒரு மெயில் 25 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. வெறும் 'ஹேய்' என்ற ஒற்றை வார்த்தைத் தலைப்பும் சக்கைப்போடு போட்டது. நண்பன் அனுப்பின மாதிரி இருந்ததால்தான்! அழகாக டிசைன் செய்தவற்றைவிட, அசிங்கமான மஞ்சள் ஹைலைட் போட்டவை சில சமயம் நன்றாக ஓடின. ஆனால், அந்த டீமே பிறகு ஒப்புக்கொண்ட விஷயம், எந்த உத்தியும் ரொம்ப நாள் தாங்கவில்லை. புதுசு பழசானதும் எண்ணிக்கை இறங்கிவிட்டது. அவர்களும் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பவில்லை. ஒபாமாவுக்காக ஏற்கெனவே மெயில் ஐடி கொடுத்த ஆதரவாளர்களின் லிஸ்ட் அது. இதை மறந்துட்டு 'ஹேய்'யை மட்டும் காப்பி அடிச்சவங்கதான் இன்னிக்கு நமக்கு 'ஹாய் மச்சி'ன்னு லோன் மெயில் அனுப்பிட்டு இருக்காங்க.

ஒரு கொலுசுக் கடையின் கணக்கு

நம்ம ஊர் வியாபாரத்துக்கு வருவோம். வெள்ளிக் கொலுசுன்னா சேலம். அஸ்தம்பட்டியில ஒரு அக்கா சின்னதா ஒரு கொலுசுக் கடை நடத்துறாங்க, ஆன்லைன்லயும் விக்கிறாங்கன்னு கற்பனை பண்ணிக்குவோம். ஒரு நாள் ஒருத்தர் வந்து, 'மேடம், தமிழ்நாடு முழுக்க ஒரு லட்சம் மெயில் ஐடி இருக்கு, சில ஆயிரம் ரூபாய்தான்'னு சொல்றார். ஒரு லட்சத்துல 100 பேர் வாங்கினாக்கூடப் போதுமேன்னு அக்காவுக்குத் தோணும். யாருக்குமே தோணும்.

இங்கதான் பணம் மட்டுமில்ல, கடையோட பேரும் சேர்ந்து போகும். எப்படின்னு பாருங்க.

கூகுள், யாஹூ ரெண்டும் 2024 பிப்ரவரியில் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கான விதிகளை இறுக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால், எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகளும் கட்டாயம். பேரைப் பார்த்து மிரள வேண்டாம். 'என் கடை பேரில் இந்த சர்வர்கள்தான் மெயில் அனுப்பலாம்' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது முதலாவது. 'வழியில் யாரும் இதைத் திருத்தவில்லை' என்பதற்கான டிஜிட்டல் முத்திரை இரண்டாவது. இந்தச் சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்யலாம் என்று சொல்லும் உத்தரவு மூன்றாவது. கூடவே, ஒரே க்ளிக்கில் விலகும் வசதி வைக்க வேண்டும். விலகியவரை இரண்டு நாள்களுக்குள் லிஸ்ட்டிலிருந்து நீக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு டெக்னீஷியனை வெச்சு செஞ்சுடலாம். அதைவிட முக்கியமான விதி ஒண்ணு இருக்கு. 'இது ஸ்பேம்' என்று புகார் செய்பவர்களின் அளவு 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது. 0.1-க்குக் கீழே இருந்தால்தான் நல்லது என்கிறது கூகுள். கணக்குப் போடுங்க... ஆயிரம் பேர் இன்பாக்ஸுக்குப் போன மெயிலில் மூணே மூணு பேர் அந்தப் பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு! காசு கொடுத்து வாங்கின லிஸ்ட்டுல, கொலுசுக் கடை பேரையே கேள்விப்படாத ஆயிரம் பேர்ல, மூணு பேருக்குக் கோபம் வராதா என்ன?

அந்த லிஸ்ட்டுல இன்னொரு கண்ணிவெடியும் இருக்கு. யாரும் பயன்படுத்தாமல் கைவிட்ட சில முகவரிகளை, மெயில் நிறுவனங்களும் ஸ்பேம் தடுப்பு அமைப்புகளும் பொறியாக வைத்திருக்கும். அந்த முகவரி யாரிடமும் எதற்கும் பதிவு செய்யப் போவதில்லை. அதற்கு ஒரு கடையிலிருந்து விளம்பரம் வந்தால், லிஸ்ட் எங்கிருந்தோ எடுத்தது என்று அர்த்தம். அக்கா கடையின் டொமைன் மேல கரும்புள்ளி. அப்புறம் என்ன நடக்கும்? விளம்பரம் மட்டுமல்ல, நிஜமாவே பணம் கட்டின கஸ்டமருக்கு அனுப்புற பில்லும், 'உங்க பார்சல் கிளம்பியாச்சு' மெயிலும்கூட ஸ்பேம் ஃபோல்டருக்குள்ள போய் விழும். சில ஆயிரம் ரூபாய் லிஸ்ட், வருஷக்கணக்கா சேர்த்த பேரை ஒரே மத்தியானத்துல காலி பண்ணிடும்.

சரி, அக்கா என்னதான் செய்யணும்? கடைக்கு வந்தவங்ககிட்ட கேட்டு வாங்கின 300 மெயில் ஐடி போதும். 'போன ஆடியில வாங்கின கொலுசு கறுத்துடுச்சா? இலவச பாலிஷ்' - இதுதான் தலைப்பு. உள்ள நாலே வரி: எந்தத் தேதி வரைக்கும், கடை எத்தனை மணிக்குத் திறக்கும், திருகு லூசா இருந்தாலும் சரி பண்ணித் தர்றோம், வரும்போது பில் காட்டுங்க. அவ்ளோதான். பாலிஷ் போட வர்றவங்க, புதுசா வந்த மெட்டியைப் பார்க்காம போவாங்களா? வெள்ளி விலை தினமும் ஆட்டம் காட்டுற நாள்கள்ல, 'இந்த வாரம் கிராம் விலை இவ்வளவு' என்ற ஒற்றை வரி மெயிலையே ஆட்கள் எதிர்பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. அது பார்க்க விளம்பரம் மாதிரியே இருக்காது. ஆனா, அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

இதுல தேதிக்கும் பெரிய பங்கு உண்டு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊரே களைகட்டி நிக்கிற வாரத்துல, பெரிய பெரிய ஷாப்பிங் நிறுவனங்கள்கிட்ட இருந்து சேலத்துக்கு அதைப் பத்தி ஒரு மெயில் வராது. ஆனா, கர்வா சவுத் வந்தா 'உங்கள் விரதத்துக்கு ஸ்பெஷல் ஆஃபர்'னு தவறாம வந்துடும். அஸ்தம்பட்டியில கர்வா சவுத்துக்குச் சல்லடை வழியா நிலாவைப் பார்க்கிறவங்க எத்தனை பேருன்னு அவங்க யோசிச்சதா தெரியலை. பின்கோடு கையில இருக்கு, போன வருஷம் நாம எப்போ என்ன வாங்கினோம்ங்கிற கணக்கும் கையில இருக்கு. இருந்தும் டெல்லி காலண்டரையே எல்லாருக்கும் மாட்டி விடுறாங்க. இந்த ஓட்டையில உள்ளூர் கடைகள் ஈஸியா புகுந்து அடிக்கலாம்.

அப்புறம், போஸ்டரை அப்படியே ஒரே படமா ஒட்டி அனுப்புறது. டேட்டா சரியா எடுக்காத இடத்துல வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரியும். தெரிஞ்சாலும் எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கும். மெயிலோட கோடிங் 102 கேபியைத் தாண்டினா ஜிமெயில் பாதியில வெட்டிடும். அடியில இருக்கிற விலகல் லிங்க்கும் சேர்ந்து மறைஞ்சிடும். விலக வழி தெரியாதவர் நேரா ஸ்பேம் பட்டனைத்தான் அழுத்துவார்.

மெயில் அனுப்பித் தர்ற ஏஜென்சிகள், '60 சதவிகிதம் பேர் ஓப்பன் பண்ணிட்டாங்க'ன்னு ரிப்போர்ட் காட்டினா, அக்கா உடனே சந்தோஷப்பட வேண்டாம். மெயிலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் இருக்கும். அது லோட் ஆனா, திறந்ததா கணக்கு. 2021-ல் ஆப்பிள் கொண்டு வந்த பிரைவசி வசதி, ஐபோனின் மெயில் ஆப்பில் அந்தப் படத்தை நாம் திறக்காமலே முன்கூட்டி இறக்கிவிடும். ஆக, தூங்கிக்கிட்டு இருக்கிறவரும் 'ஓப்பன்' கணக்குல வந்துடுவார். கடைக்கு எத்தனை பேர் பாலிஷ் போட வந்தாங்கங்கிறதுதான் நிஜக் கணக்கு.

நம்ம பக்கம் என்ன ஆபத்து?

இதுவரைக்கும் விக்கிறவங்க கதை. இப்போ நம்ம கதை. மெயில் வரிசையை ஸ்வைப் பண்ணித் தள்ளிப் பழகின விரல், கேம்பஸ் இன்டர்வியூ தேதி சொல்ற மெயிலையும் அதே வேகத்துல தள்ளிடும். ஜிமெயில் 2013-ல் 'ப்ரமோஷன்ஸ்' என்ற தனி டேப் கொண்டு வந்து விளம்பரங்களைப் பிரித்தது. நல்ல விஷயம்தான். ஆனா, கம்பெனிகள் மொத்தமா அனுப்புற ஆட்தேர்வு மெயில்கள் சில சமயம் அதே டேப்புலயோ, ஸ்பேம்லயோ போய் உட்கார்ந்துடும். வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கிற வாரங்கள்ல அந்த ரெண்டையும் தினமும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. அந்த மெயிலை 'ப்ரைமரி'க்கு நகர்த்தி வெச்சுட்டா அடுத்தது பெரும்பாலும் அங்கேயே வரும்.

ரெண்டாவது, அவசரம். 'இன்னும் 2 பேர்தான் பாக்கி', 'உங்க கார்ட்டுல இருக்கிற பொருள் தீரப்போகுது'ங்கிற மெயில்கள். பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்திருக்கிறது. மொத்தம் 13 வகை ஏமாற்று உத்திகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 'வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை'ன்னு நம்ம வாயாலேயே சொல்ல வெச்சு வெட்கப்படுத்துற பட்டனும் அதுல ஒண்ணு. விளம்பரம்னே தெரியாம மாறுவேஷத்துல வர்ற விளம்பரமும் உண்டு. புகார் செய்ய 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. இதே அவசர மொழியைத்தான் மோசடிக்காரங்களும் பேசுறாங்க. 'இன்னிக்குள்ள கேஒய்சி பண்ணலைன்னா அக்கவுன்ட் முடக்கம்'ங்கிறதும் 'இன்னிக்குள்ள வாங்கலைன்னா ஆஃபர் காலி'ங்கிறதும் ஒரே மெட்டு. கடைகள் பொய் அவசரத்தைப் பழக்கப்படுத்தப் பழக்கப்படுத்த, திருடனுக்கு வேலை சுலபமாகுது. எனக்கு இதுல இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

சரி, நம்ம மெயில் ஐடி இவங்களுக்கெல்லாம் எப்படிப் போச்சு? பாதி நாமளே கொடுத்தது. மீதி கசிந்தது. 2020-ல் பிக்பாஸ்கெட்டில் இருந்து சுமார் 2 கோடிப் பேரின் மெயில் ஐடி உள்ளிட்ட விவரங்கள் வெளியேறின. 2022-ல், பயணிகளின் தகவலை வைத்து வருமானம் பார்ப்பதற்கு ஆலோசகரைத் தேடி ஐ.ஆர்.சி.டி.சி டெண்டர் விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே வாபஸ் வாங்கியது. அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்-க்கும் டிராயின் 1909 இருக்கிற மாதிரி, மெயிலுக்கென்று தனி ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதை வாபஸ் வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறதைச் செய்யலாம். 2025 ஜூலையில் ஜிமெயில், சந்தா மெயில்களை நிர்வகிக்கத் தனிப் பக்கம் ஒன்றைக் கொண்டு வந்தது. இடது பக்க மெனுவில் இருக்கும். யார் யார் அடிக்கடி அனுப்புறாங்கன்னு வரிசையா காட்டும், அங்கேயே விலகிடலாம். தெரிஞ்ச கடைன்னா விலகுங்க. முன்பின் தெரியாத மெயில்னா உள்ள இருக்கிற விலகல் லிங்க்கைத் தொடவே தொடாதீங்க. இந்த முகவரியில ஆள் இருக்குன்னு நீங்களே கன்ஃபர்ம் பண்ணின மாதிரி ஆயிடும். நேரா ஸ்பேம் பட்டன்தான்.

இன்னொரு குட்டித் தந்திரமும் இருக்கு. ஜிமெயில் முகவரியில உங்க பேருக்கும் அட் குறிக்கும் நடுவுல ஒரு ப்ளஸ் போட்டு, கடை பேரைச் சேர்த்துக் கொடுங்க. மெயில் வழக்கம்போல உங்களுக்கே வரும். நாளைக்கு அந்தக் கடை பேர் ஒட்டின முகவரிக்கு ஒரு லோன் கம்பெனி மெயில் அனுப்பினா, ஐடி எங்கிருந்து போச்சுன்னு பளிச்சுனு தெரிஞ்சுடும். சில வெப்சைட்டுகள் ப்ளஸ் குறியை ஏத்துக்காது, அதுக்கு வேற வழியில்லை.

பில் கவுன்டர்ல 'மெயில் ஐடி, போன் நம்பர் சொல்லுங்க'ன்னு கேட்டா? போன் நம்பர் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று கட்டாயப்படுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று, 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கொடுக்க இஷ்டமில்லைன்னா, 'பேப்பர் பில் போதுங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு வாங்க. கொலுசு பாலிஷ் ஞாபகப்படுத்துற கடைன்னா, தாராளமா கொடுத்துட்டு வாங்க!